கவுண்டர் நாற்காலியும் நாலு பிளக்கும்

முட்டை அட்டையில் பிளக் கொண்டுவரும் வழக்கத்தை எங்கள் தெருவில் ஆரம்பித்துவைத்தவள் என் ஓரகத்தி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். கடைக்கு வரும் மெக்கானிக்குகளுக்கு அவள் சின்னக்கா. அவளைப் பற்றித் தெரு முழுக்க நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். நானும் பேசுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடைக்காது. ஐந்து வருஷமாக நான் அவளைக் கவனித்த மாதிரி அவள் புருஷன்கூடக் கவனித்திருக்க மாட்டார். எத்தனை மணிக்குக் கொட்டாவி விடுவாள், எந்த மெக்கானிக்கைப் பார்த்தால் எத்தனை பல் தெரியச் சிரிப்பாள், டீயில் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு எத்தனை என்று பொய் சொல்வாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. இதற்கெல்லாம் பெயர் பொறாமை என்றால், ஆமாம், பொறாமைதான். மூடி மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

எங்களுடையது வண்டி உதிரிபாகக் கடை. இந்தப் பக்கம் பேட்டரிக் கடை, அந்தப் பக்கம் பஞ்சர் கடை, எதிரே வரிசையாகப் பட்டறைகள். உள்ளே நுழைந்ததும் கண்ணாடி போட்ட நீளமான கவுண்டர். அதன் பின்னால் கூரைவரை இரும்பு அலமாரிகள். ஃபில்டர், பெல்ட், பிரேக் ஷூ, கேஸ்கட், பல்பு. இடது பக்கம் மேலே இரண்டு தட்டு முழுக்க என்ஜினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக், அதை எடுக்க ஒரு ஏணி. கவுண்டருக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதினோரு வருஷம் அது என் நாற்காலி. அதன் மெத்தை கிழிந்தபோது பூப்போட்ட திரைத்துணியில் மிச்சம் எடுத்து நானே உறை தைத்துப் போட்டேன்.

மாமனார் காலமான பிறகு மாமியார்தான் முதலாளி. என் புருஷன் கொள்முதலுக்கு அலைவார். கொழுந்தன் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கவுண்டர் என் ராஜ்ஜியம். பிளக் வாங்குவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். எல்லாப் பிளக்கும் பார்க்க ஒரே அச்சு. ஆனால் மரையின் நீளம் ஒரு நூல் அதிகமானால் உள்ளே பிஸ்டன் வந்து முட்டும்; குறைந்தால் பொறி சரியாகப் பிடிக்காது. எந்த வண்டி, எந்த வருஷத்து மாடல், எந்த என்ஜின் என்று தலையணை கனத்துக்கு ஒரு கேட்லாக் இருக்கிறது, அதில் தேடிப் பிடிக்க வேண்டும். நான் தேடியதே இல்லை. வண்டி பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நம்பரைச் சொல்லிவிடுவேன், பொறி தாண்டும் முனையில் கேப் எவ்வளவு விட வேண்டும் என்பதையும் சேர்த்து. எனக்குக் 'கேட்லாக் அக்கா' என்று பெயர் வைத்தவர்களே பிற்பாடு சின்னக்கா, சின்னக்கா என்று உருகினார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

சின்னவள் வந்த புதிதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை. அவள் அப்பா ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவரோடு சுற்றியிருக்கிறாள். எங்கேயாவது மெஷின் இடக்குப் பண்ணினால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவள் வேலையாம். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். கேட்லாக்கைத் திறந்தால் ஒரு நம்பர் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம். வாசலில் நிற்பவன் நெளிய ஆரம்பித்துவிடுவான். நான் நாற்காலியிலிருந்தே நம்பரைச் சொல்வேன். அவள் முகம் சுருங்கும். அந்த ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் ஒரு மெக்கானிக் வந்து, மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாக ஒரே காருக்கு பிளக் வாங்குகிறேன் என்று அலுத்துக்கொண்டான். நான் நம்பரைச் சொல்லி முடித்துவிட்டேன். சின்னவள் குறுக்கே வந்து, "பழைய பிளக்கு வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து நாலையும் எடுத்துக் கொட்டினான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து முனையைப் பார்த்தாள், வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல மூணு நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் ஆயில் குடிச்சிருக்கு. இது எந்த சிலிண்டர்ல இருந்துச்சு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியாம யார் வீட்டுல போய்ச் சண்டை போடுறது? அடுத்த தடவை வரிசையா கொண்டாங்க. அந்த ஒரு சிலிண்டர்ல பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயிருக்கும். நீங்க எத்தனை பிளக்கு மாத்தினாலும் அது நனைச்சுக்கிட்டேதான் இருக்கும்."

அவன் போய்ப் பிரித்துப் பார்த்தான். ரிங் போயிருந்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஆளாளுக்குப் பழைய பிளக்கைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இவள் முட்டைக் கடையிலிருந்து காலி அட்டைகளை வாங்கிவந்து, நாலு நாலு குழியாகக் கத்தரித்து, ஒவ்வொரு குழியிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பேனாவால் எழுதி எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தாள். முதல் சிலிண்டர் பிளக் முதல் குழியில், இரண்டாவது இரண்டாவதில். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் என்ஜின் சுகம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமாக இருந்தால் ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் சூடு தாங்கவில்லை. இவ்வளவுதான் அவள் வித்தை. ஆனால் அவள் அட்டையைக் கையில் வாங்கியதும் தடிமாடு மாதிரி இருக்கும் மெக்கானிக்குகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள்.

எனக்கு வலித்தது அதுகூட இல்லை. அவள் கடையில் இல்லாத நேரம் பார்த்து எவனாவது வருவான். நான் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருப்பேன். என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சின்னக்கா இல்லையா?" என்பான். "என்ன வேணும், சொல்லு," என்பேன். "இல்ல, பரவால்ல, அப்புறம் வரேன்." அப்படியே திரும்பிப் போய்விடுவான். பதினோரு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒருத்தி அங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவனுக்காவது உறைக்க வேண்டுமே. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

கொடுமை என்னவென்றால் அவள் நல்லவள். நல்லவளாக இல்லாவிட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். வாக்கியத்துக்கு ஒரு 'அக்கா' போடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவாள். அவளைக் குறை சொல்ல எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தச் சர்க்கரைக் கணக்கு ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் கடைக்குப் பின்னால் இருந்த அச்சகம் காலியானது. மாமியார் அந்த இடத்தையும் எடுத்துக் குடோன் ஆக்கினார். ஜன்னலே இல்லாத நீட்டு அறை. கடைக்கும் அதற்கும் நடுவிலுள்ள சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. கவுண்டரில் இருப்பவள் கேட்டால், உள்ளே இருப்பவள் எடுத்து நீட்ட வேண்டும்.

"ஒருத்தி முன்னாடி, ஒருத்தி உள்ள," என்றார் மாமியார், பட்டாணி உரித்துக்கொண்டே. "யாருன்னு மாசக் கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதீங்க."

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் புருஷன் ஆறுதல் சொல்கிறாராம், "உள்ள இருந்தா என்ன இப்போ? ஃபேன் போட்டிருக்கு. வெயில் இல்ல, கூட்டம் இல்ல, நிம்மதியா இருக்கலாம்."

"அப்ப நீங்க போய் இருங்களேன் நிம்மதியா," என்றேன். அதற்குப் பிறகு அவர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

நாற்காலி போனால் நான் யார்? வீட்டில் மருமகள், அண்ணி, அம்மா என்று ஆயிரம் பேர் செய்யும் வேலையைச் செய்பவள். கவுண்டரில் மட்டும்தான் நான் நான். அந்த என்னைத்தான் ஜன்னல் இல்லாத அறையில் அடைக்கப் பார்க்கிறார்கள். மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் வேன் மெக்கானிக் வந்தான். எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். வாய் ஓயாத ஆள். முட்டை அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். நான் எழுந்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் என்னைத் தாண்டிச் சின்னவளிடம் போய்விட்டான். பிளக் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தது என் தப்பு.

"ஸ்கூல் வேன் சின்னக்கா. புதுசா வாங்கியிருக்காங்க. புதுசுன்னா பழசுதான், வெளியூர்ல ஓடினது. மேட்டுல ஏறும்போது டக்கு டக்குனு அடிக்குது, இழுக்கவே மாட்டேங்குது. பிளக்க கழட்டினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கு."

"கேஸ்ல ஓடுதா?"

"ஆமாக்கா."

"அதான். கேஸ்ல சூடு ஜாஸ்தி. இந்த பிளக்கு சூட்ட எறக்கிவிட மாட்டேங்குது. இன்னும் ஒரு படி கூலான பிளக்கா போடணும்," என்றாள். பிளக்கைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். எட்டு. "அக்கா, இது மஞ்ச டப்பா கம்பெனி. ஒம்பது இருக்கா பாருங்களேன்."

நான் ஏணியில் ஏறினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சில பிளக் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சில பிளக் சூட்டை என்ஜினுக்கு இறக்கிவிட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். அதற்குத்தான் அந்த நம்பர். நாங்கள் முக்கால்வாசி விற்பது சிவப்பு டப்பாக் கம்பெனி. அதில் நம்பர் ஏற ஏறக் குளிர்ச்சி. சின்னவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மஞ்சள் டப்பாக் கம்பெனியில் எல்லாம் தலைகீழ், நம்பர் ஏற ஏறச் சூடு. எட்டு போட்டு வெளுத்துப்போன வண்டிக்கு ஏழு கொடுக்க வேண்டும். ஒன்பது கொடுத்தால் காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. கேட்லாக்கில் கடைசிக்கு முந்தின பக்கத்தில், கட்டம் கட்டி, எறும்பு எழுத்தில் இது போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

என் கை ஏழாம் நம்பர் டப்பாவின் மேல்தான் முதலில் போனது. பொய் சொல்லவில்லை. 'ஏழுதான்டி வேணும், இந்தக் கம்பெனியில எல்லாம் எதிர்ப்பக்கம்' என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அப்போது கீழே அவன் பேசினான்.

"பெரியக்கா நம்பர் சொல்வாங்க, இல்லேங்கல. ஆனா நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னாதான் எனக்குத் திருப்தி. டாக்டர் தொட்டுப் பாத்த மாதிரி. இனிமே நீங்கதான் முன்னாடி உக்காரப்போறீங்களாமே, தெருவெல்லாம் பேசிக்கிறாங்க?"

"அய்யோ, அதெல்லாம் அத்தை சொல்லணும் அண்ணே," என்று சின்னவள் சிரித்தாள். சிரித்தபடி நாற்காலியை லேசாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் உறை தைத்துப் போட்ட நாற்காலியை.

என் கை ஏழை விட்டது. ஒன்பதில் நாலு டப்பா எடுத்தேன். இறங்கி வந்து கண்ணாடி மேல் வைத்தேன். "இந்தா, நீ கேட்டது," என்றேன். அவன் வாங்கிக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "மூணரைக்குப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வண்டி மேல போகணும். அதுக்குள்ள மாட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாப்பாட்டு நேரம்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், நான் என்ன விஷமா கலந்தேன்? அவன் நாளைக்குக் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டு வருவான். மாமியார் வந்து என்னம்மா சத்தம் என்பார். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்லாக்கை எடுத்து, கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டுவேன். சின்னவள் முகத்தில் ஈயாடாது. எந்த விரலை வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் அந்தக் கத்தலுக்கு முன்னால் நடக்கப்போவது கண்ணில் தெரிந்தது. மலைப்பாதை. முழு பாரம். ஏற்கெனவே சூடு தாங்காத என்ஜினில் அதைவிடச் சூடான பிளக். பொறி வருவதற்கு முன்னாலேயே உள்ளே பற்றி எரியும், பிஸ்டனில் ஓட்டை விழும், வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்று பின்னால் உருளும். உள்ளே பிள்ளைகள். என் சின்ன மகன் வயசுப் பிள்ளைகள். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்க்கா சாப்பிடல?" என்றாள் சின்னவள்.

"பல் வலி," என்றேன். "டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்!" என்று கத்திவிட்டேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். போனில் சொல்லிப் பிரயோசனமில்லை, ஏழாம் நம்பர் அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் ஏணியில் ஏறி ஏழாம் நம்பரில் நாலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் பார்க்கிறாளா என்று கவனிக்க எனக்குப் புத்தி இல்லை.

பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. ஏறினால் அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. இறங்கி, செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அவன் வேனுக்குள் குனிந்து நாலாவது பிளக்கை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"கழட்டுங்க," என்றேன்.

"பெரியக்கா? என்ன இந்தப் பக்கம்? கையில செருப்பு வேற..."

"நாலையும் கழட்டுங்க. இது ஒம்பது, வேண்டியது ஏழு. இந்தக் கம்பெனியில நம்பர் ஏறினா சூடு."

அவன் என்னைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான். மெல்ல அவன் முகம் வெளுத்தது. "அடக் கடவுளே! இத மாட்டி மேட்டுல ஏத்தியிருந்தா பிஸ்டன் போயிருக்கும்ல?" என்றான். நாலையும் கழற்றினான். நான் கொடுத்த ஏழை மாட்டினான். ஒவ்வொன்றையும் அவன் இறுக்கி முடிக்கும்வரை ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பிளக் உட்கார்ந்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"சின்னக்கா அனுப்பினாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் ஓடிவந்தேன், அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்ல ஆசை ஆசையாக இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? காலையில் நீங்கதானே ஏணியில் நின்னீங்க, அப்பவே ஏன் சொல்லல?

"ஆமா," என்றேன். "அவதான் அனுப்பினா."

"பாத்தீங்களா! மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். ஆனா உடனே ஆள் அனுப்பிச் சரி பண்றாங்க பாருங்க, அந்தப் பொறுப்பு எத்தனை பேருக்கு வரும்? தங்கமான மனுஷிக்கா!"

நான் ஆளாம். அவள் அனுப்பிய ஆள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆமாம் தங்கம்தான் என்று தலையாட்டினேன். திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. பிள்ளைகள் பிழைத்த சந்தோஷத்தில் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. அவளுக்குப் போய்ச் சேர்ந்த பேரை நினைத்துத்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போனால் மாமியார் உப்புத் தண்ணீரோடு காத்திருந்தார். பல்லுக்காம், சின்னவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் வேளைக்கு ஒரு செம்பு கொப்பளிக்க வைத்தார். திட உணவு கூடாது என்று கஞ்சி.

மாசக் கடைசியில் வேன் மெக்கானிக் திரும்ப வந்தான். முட்டை அட்டையில் அதே நாலு ஏழாம் நம்பர் பிளக்குகள். பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவதற்காகக் கழற்றிக் கொண்டுவந்தானாம். நாலு முனையும் பிஸ்கட் நிறம். அன்று பார்த்து மாமியார் கவுண்டர் பக்கம் நின்றிருந்தார். அவன் அவரிடம் முழுக் கதையையும் கைகாலை ஆட்டிச் சொன்னான். தப்பான பிளக் போனது, சின்னக்காவுக்கு அது சட்டென்று மண்டையில் பட்டது, சாப்பாட்டு நேரம் என்றும் பாராமல் பெரியக்காவை ஓட ஓட அனுப்பியது, எல்லாம்.

சின்னவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "நான்..." என்று ஆரம்பித்தாள். நான் அலமாரியில் தொங்கும் பெல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிவிடுவாள், நான் அனுப்பவே இல்லையே என்று சொல்லிவிடுவாள், அதோடு நான் தொலைந்தேன் என்று நினைத்ததில் பெல்ட் எண்ணிக்கை தப்பிப்போனது. அவள் அந்த 'நான்' என்பதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

மாமியார் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சின்னவ முன்னாடி இருக்கட்டும். பெரியவ உள்ள போகட்டும். எது எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு எடுக்க அவளாலதான் முடியும்." ஜன்னல் இல்லாத அறைக்கு அனுப்பும்போதும் பாராட்டி அனுப்புகிறார்.

போகும்போது நாற்காலியின் உறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போனேன். அற்பத்தனம்தான். கிழிந்த மெத்தையில் உட்காரட்டும், பஞ்சு குத்தட்டும்.

மூன்று நாள் சுவரிலுள்ள திறப்பு வழியாக அவள் கேட்பதை எடுத்து நீட்டினேன். அவள் கை மட்டும் தெரியும். என் கை மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் சின்னக்கா, சின்னக்கா என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான்காம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அவள் குடோனுக்குள் வந்தாள். கையில் கேட்லாக். கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"இந்தப் பக்கம்தானேக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.

"அந்த அண்ணன் வந்துட்டுப் போனதுல இருந்து தினம் ராத்திரி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். நேத்துதான் புரிஞ்சுது. அன்னைக்கு நீங்க பல் டாக்டர்கிட்ட போகல. ஏணியில ஏறி பிளக்கு எடுத்துக்கிட்டுப் பல் டாக்டர்கிட்ட யார் போவாங்க?" கேட்லாக்கை என் பக்கம் திருப்பினாள். "நான் ஒம்பது கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிள்ளைங்க போற வண்டிக்கா."

"அதான் பல் வலி வந்துச்சு."

"ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

மறைத்து மறைத்து அலுத்துப் போயிருந்தது. "உன்னைத் தேடி வர்ற மாதிரி ஒருத்தனும் என்னைத் தேடி வர்றதில்ல. நீ விழணும்னு நெனச்சேன். பொறாமை. போதுமா? போய் அத்தைகிட்ட சொல்லு," என்றேன்.

அவள் போகவில்லை. ஒரு ஃபில்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் எப்படிச் சொல்றது? அன்னைக்கு அந்த அண்ணன் கதை சொன்னப்போ, நான் அனுப்பலன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நாற்காலி உங்களுக்குப் போயிடும். அதான் முழுங்கிட்டேன். நான் ஒண்ணும் நல்லவ இல்லக்கா. நீங்க புத்தகத்தத் தொடாமலே நம்பர் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நான் ஒவ்வொரு எழுத்தா தடவிக்கிட்டு இருப்பேன், நீங்க அங்க இருந்தே போற போக்குல சொல்லிடுவீங்க. அஞ்சு வருஷமா உங்களப் பாத்து எனக்கு வயிறு எரியுதுக்கா."

என்னைப் பார்த்தா? சின்னக்காவுக்கா? அந்த நன்றி கெட்ட தெரு முழுக்கத் தலையில் தூக்கிவைத்து ஆடும் இவளுக்கு, என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. அதுவும் ஐந்து வருஷமாக. எனக்குள் எங்கேயோ குளுகுளுவென்று இருந்தது. கல்யாணத்தன்று கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"அத்தைகிட்ட சொல்ல வேணாம்," என்றேன்.

"வேணாம்," என்றாள் அவளும் உடனே. பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா நாற்காலிய தரமாட்டேன்க்கா. அது எனக்கு வேணும்."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. முன்கூட்டியே சொல்லிட்டேன்." எழுந்து கேட்லாக்கை மூடினாள். கதவுவரை போய்த் தயங்கி நின்றாள். "அந்த உறைய மட்டும் குடுத்துடுங்க. பஞ்சு குத்துது."

உறை என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன், ஆனால் நீட்டவில்லை.

"நீ கடைசியா சொன்னியே, அத இன்னொரு தடவை சொல்லு. தரேன்."

"எத? நாற்காலிய தரமாட்டேன்னதா?"

"அதுக்கு முன்னாடி. வயிறு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம், திறப்பு வழியாக அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக முழுசாகச் சொன்னாள். நான் உறையைக் கொடுத்தேன்.